கைநாட்டுப் பாட்டியும் பாடம் கேட்கலாம்

பெற்றோர் சந்திப்பு நாள் வந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கமான பல்லவி காதில் விழும். "டீச்சர், நான் அந்தக் காலத்துல நாலாவது வரைக்கும்தான் படிச்சேன். இப்ப உள்ள பாடம் எனக்கு எங்க புரியுது? நீங்களே பாத்துச் செய்யுங்க." செம்பனைக் குலை வெட்டும் தகப்பன் இப்படிச் சொல்வார். ஈப்போவில் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய்விட்டு, தூக்கக் கண்ணோடு நேரே பள்ளிக்கு வந்திருக்கும் தாயும் இப்படியே சொல்வார். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டியோ ஒன்றும் சொல்லமாட்டார். மதிப்பெண் அட்டையில் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

வாசகர்களே, நீங்களும் ஒருமுறையாவது அப்படிச் சொல்லியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். "எங்களுக்கு என்ன தெரியும்" என்ற அந்த ஒரு சொல்லை மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

நமக்குப் படிப்பு வராமல் போனதற்கு நாம் காரணம் அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. சட்டம் வந்தது, பள்ளிகளும் வந்தன. ஆனால் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகைதான். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். பத்துப் பன்னிரண்டு வயதானால் பிள்ளை மங்கு துடைக்கப் போய்விடும். நம் பாட்டன் பாட்டிமார் அங்கிருந்து வந்தவர்கள். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிந்துவிட்டன. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் இருப்பது நம் பேராக்கில்தான். அவற்றில் பலவற்றின் பெயர்ப்பலகையில் மட்டுமே பழைய தோட்டத்தின் பெயர் மிச்சமிருக்கிறது. ஆனால் "நமக்குத் தெரியாது" என்ற எண்ணம் மட்டும் லயத்திலிருந்து மலிவுவிலை வீட்டுக்கும் நம்மோடு குடிவந்துவிட்டது.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய பேத்தி அப்போது என்னிடம் நான்காம் வகுப்பில் படித்தாள். வாசிப்புப் பயிற்சிக்காக ரப்பர் மரத்தின் வரலாற்றைப் பத்து வரியில் எழுதிப் போட்டிருந்தேன். பிரேசில் நாட்டிலிருந்து ஆங்கிலேயர்கள் ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார்கள், 1877-இல் நம் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற துரை நட்டார் என்று போகும் அந்தப் பகுதி. மறுநாள் காலை அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க பாட்டி நம்ப மாட்டேங்குறாங்க."

"எதை நம்பவில்லை?"

"ரப்பர் கொட்டை கொஞ்ச நாள் கெடந்தாலே காஞ்சு போயிருமாம். அவ்வளவு தூரம் கப்பல்ல வந்தது எப்படி மொளைச்சுச்சுன்னு கேக்குறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாட்டிக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் பால்வெட்டியவர். ரப்பர் கொட்டையைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். பாட்டி கேட்டது முற்றிலும் சரி. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் சேர்த்தார். நூற்றுக்கு நான்கு விதைகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றைக் கன்றுகளாக வளர்த்து, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துத்தான் இலங்கைக்கும், மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22 கன்றுகள். அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்தன. ஆக, நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது விதை அல்ல, கன்று. பத்து வரிக்குள் அடக்கவேண்டும் என்று நான் சுருக்கி எழுதியதில் நடுக்கதை விழுந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் அந்த வரியைத் திருத்தி எழுதினேன். யார் கேள்வியால் திருத்தினேன் என்றும் பிள்ளைகளிடம் சொன்னேன். அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் எவரும் இந்தக் கதையை மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டி செய்தது என்ன? பேத்தியைச் சொல்லச் சொன்னார், காது கொடுத்துக் கேட்டார், புரியாத இடத்தில் "அது எப்படி?" என்றார். அவ்வளவுதான்.

இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று கேட்கும் படித்த வாசகர்களுக்கும் ஒரு செய்தி. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-இல் வெளியிட்டார். ஒரு நாள் கழிவதற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று கண்டார். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறை, அதையே திரும்பப் படிப்பது. மற்றொரு முறை, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நின்றதை வெற்றுத் தாளில் எழுதுவது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு நூற்றுக்கு 56 பங்கு நின்றது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 பங்குதான். அவர்கள் கல்லூரி மாணவர்கள், நம் பிள்ளைகளோ ஏழெட்டு வயதுக் குழந்தைகள் என்பது உண்மைதான். ஆனாலும் என் வகுப்பறையில் நான் பார்த்து வருவதும் இதுதான்.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் பெற்றோர்களிடம் நான் சொன்னது வேறு. "பிள்ளையைத் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பாடத்தைப் பத்துத் தடவை எழுதட்டும்." ஒரு தகப்பனார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். விடிவதற்கு முன் பால்வெட்டுக்குப் போய், மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வருபவர், இரவு எட்டு மணிக்கு மகனுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார். பையனின் நோட்டுப் புத்தகம் முத்துமுத்தாக இருக்கும். நானும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள், அவன் எழுதிய வரியையே காட்டி வாசிக்கச் சொன்னேன். அவனால் முடியவில்லை. அம்மாக்கள் கோலம் போடுவதைப்போல அவன் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது கேட்டுக் கேட்டு ஒப்பித்திருக்கிறான். மூன்று வருடம் இது எனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தகப்பனாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு எவ்வளவோ முயன்றேன். கொஞ்சம் தேறினான், போதவில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தான், படிவம் இரண்டில் நின்றுவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஓர் இரவுச் சந்தையில் அவனைப் பார்த்தேன். பழ வியாபாரம் செய்கிறான், நல்ல மரியாதையான பிள்ளை. என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தான், காசு வாங்க மறுத்தான். பிறகு தயங்கித் தயங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினான். "டீச்சர், இதுல எங்க கையெழுத்துப் போடணும், கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றான்.

அன்றிலிருந்து பத்துத் தடவை எழுதச் சொல்லும் பழக்கத்தை விட்டேன்.

சரி, எழுத்துத் தெரியாத ஒருவர், பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி இருக்கிறது. பக்கத்தில் ஏதாவது ஒரு சொல்லின்மேல் விரலை வையுங்கள். இது என்ன என்று கேளுங்கள். "மரம்" என்று சொன்னால், அதே உருவமுள்ள சொல் வேறு எங்காவது இருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். சேலைக் கரையில் பூ மாறியிருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் கண்கள் அல்லவா உங்களுடையவை! கண்டுபிடித்ததும் அங்கே விரலை வைத்து மறுபடி கேளுங்கள். அங்கேயும் "மரம்" என்றால் பிள்ளை வாசிக்கிறது. வேறு ஏதோ சொன்னால் ஊகிக்கிறது. இன்னொன்று, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடக்காரர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். அடுத்த நாளே பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். முதல் வகுப்பில் சொன்னால் எங்களுக்கு வேலை சுலபம். நான்காம் வகுப்பில் சொன்னால் மிகவும் கடினம்.

தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்ற 216-ம் இவை சேர்ந்து வருபவைதான். கொம்பு, கால், சுழி இவை எந்த ஒலியைக் காட்டுகின்றன என்று பிடிபட்டுவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் கூட்டி வாசித்துவிடும். முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், தப்பானால் கையால் தடவி மறுபடி எழுதலாம். இது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம். 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். முன்னே படித்த பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே நடத்தினார். 1797-இல் லண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். நம் வீட்டுச் சரக்கைச் சீமைக்காரர் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிவிட்டார், நாம் மறந்துவிட்டோம்! வீட்டில் தம்பி தங்கை இருந்தால் மூத்ததை வாத்தியாராக்குங்கள். இருவருக்கும் பாடம் ஏறும். தம்பி தங்கை இல்லையென்றால் நீங்களே மாணவராக உட்காருங்கள். "எனக்கு இந்த எழுத்தைச் சொல்லிக்கொடு கண்ணு" என்று கேட்டால், எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

என் அம்மாவும் பால்வெட்டியவர்தான். அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. என் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க, சொல்லு" என்பார். நான் திணறினால் என் கண்ணைப் பார்ப்பார். கண் புத்தகத்துக்குப் போனால், "தெரியலேன்னா பாத்துட்டு வா, மூடிட்டுச் சொல்லு" என்று புத்தகத்தை நீட்டுவார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். கால் மணி நேரம் போதும், ஆனால் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். இது பால்வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்தால்தான் மரம் பல வருடம் பால் தரும். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். பிள்ளையின் படிப்பும் அப்படித்தான். இன்று கேட்டதை நாளை ஒருமுறை கேளுங்கள், இரண்டு மூன்று நாள் விட்டுக் கேளுங்கள், அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள். சோதனைக்கு முந்தின இரவு பதினோரு மணிவரை விழிக்க வைப்பதில் பிள்ளைக்குத் தலைவலிதான் மிச்சம்.

கணக்குக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டை, புளியமுத்து, சோற்றுக்குப் போடும் அரிசி எல்லாமே எண்ணத்தான். கடைக்கு அனுப்பினால் மீதிக் காசை வாங்கிக்கொண்டு வரட்டும், எப்படி அந்த மீதி வந்தது என்று சொல்லட்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு உங்கள் சம்பளச் சீட்டையே கொடுங்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? 65 வெள்ளி 38 காசு என்று பிள்ளை விடை சொல்லும். "அந்த 38 காசு எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். அதை விளக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தசமம் தெரியும் என்று அர்த்தம். வீட்டு நிலைமை பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று சிலர் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் தெரியட்டும்.

மலாய் மொழிக்குச் சாலைப் பலகைகள் இருக்கின்றன, மளிகைக் கடையில் 'குலா', 'பெராஸ்' என்று எழுதிய பைகள் இருக்கின்றன. வேனில் போகும்போது வாசித்துக்கொண்டே போகட்டும்.

"இப்போதுதான் ஆறாம் வகுப்புச் சோதனையே இல்லையே டீச்சர்" என்று சிலர் சொல்கிறார்கள். 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2019-இல்தான் கடைசியாக நடந்தது, 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பயம் போனது நல்லதுதான். ஆனால் முன்பெல்லாம் அந்த முடிவு வந்த அன்றைக்காவது பிள்ளை எங்கே நிற்கிறது என்று தகப்பனுக்குத் தெரிந்தது. இப்போது வீட்டில் யாரும் கேட்கவில்லையென்றால் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. 2020 மார்ச்சில் கோவிட் நோயால் பள்ளிகள் மூடியபோது இது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் எத்தனையோ. திரும்பி வந்தபோது எழுத்தையே மறந்திருந்த பிள்ளைகளும் உண்டு. மறக்காதவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவர் "சொல்லு, கேக்குறேன்" என்று உட்கார்ந்திருந்தார்.

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரைக் கரையேற்றின. ஆனால் முதல் வகுப்புப் பிள்ளையை, வீட்டில் பேச ஆளில்லை என்பதற்காக டியூஷனுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

அந்தப் பாட்டி அடுத்த சந்திப்பு நாளுக்கும் வந்தார். அட்டையில் விரலை வைத்தார், ஆனால் எழுந்துவிடவில்லை. "டீச்சரம்மா, அடுத்த வாரம் என்னா பாடம்? முன்னாடியே சொன்னீங்கன்னா நானும் கொஞ்சம் யோசிச்சு வச்சுக்குவேன்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரப் பாடத்தின் தலைப்பைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்புகிறேன். வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் பிள்ளையே அதை வாசித்துச் சொல்கிறது.